கணத்தைப் பகுத்த கதை



ஆற்றின் அக்கரையில் ஒருவர் துணி துவைக்கிறார். துணியைத் தலைக்குமேல் ஓங்கிக் கல்லில் அடிக்கிறார். இக்கரையில் நிற்கும் நமக்குத் துணி கல்லில் படுவது முதலில் தெரிகிறது. 'தொப்' என்னும் ஓசை சற்றுப் பின்னரே காதில் விழுகிறது. அந்தத் தாமதம் ஒரு விநாடியானால், அவர் நம்மிடமிருந்து ஏறத்தாழ 340 மீட்டர் தொலைவில் இருக்கிறார் என்று ஆற்றில் இறங்காமலே சொல்லிவிடலாம். காலத்தை அளக்கத் தெரிந்தவனுக்குத் தூரம் தானே தெரியவரும். இது சிறுவர்களும் அறிந்த உண்மை.

ஒலியை வைத்துச் செய்யும் இந்தக் கணக்கை ஒளியை வைத்தும் செய்ய முடியுமா? முடியும், ஆனால் எளிதன்று. ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. ஒரு விநாடியை நூறு கோடிக் கூறுகளாக்கினால் ஒரு கூறுக்கு நானோ விநாடி என்று பெயர். அந்த ஒரு கூறில் ஒளி செல்லும் தூரம் 30 சென்டிமீட்டர். அதாவது, நீங்கள் பள்ளியில் வைத்திருக்கும் அளவுகோலின் நீளம். மனித உடலின் குறுக்களவை ஒளி கடப்பதற்கு ஒன்று அல்லது ஒன்றரை நானோ விநாடி போதும். அந்த உடலுக்குள் ஒளி எந்த இடத்திலிருந்து புறப்பட்டது என்பதைக் காலத்தைக் கொண்டு அறிய வேண்டுமானால், நானோ விநாடியையும் மேலும் பல கூறுகளாகப் பகுத்தாக வேண்டும். மருத்துவமனைகளில் 'பெட் ஸ்கேன்' என்று வழங்கும் கருவி இதைத்தான் செய்கிறது. அந்தத் திறமை அதற்கு ஒருநாளில் வந்ததன்று. அது வந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கதையின் தொடக்கம் மருத்துவமனையில் இல்லை. 1928-ஆம் ஆண்டில் பால் டிராக் என்னும் ஆங்கில விஞ்ஞானி எலெக்ட்ரானின் இயக்கத்துக்கு ஒரு சமன்பாடு வகுத்தார். எலெக்ட்ரானைப் போன்ற எடையும் அதற்கு நேர்மாறான மின்னேற்றமும் கொண்ட துகள் ஒன்று இருக்க வேண்டும் என்னும் முடிவுக்கு அந்தச் சமன்பாடு அவரை 1931-இல் கொண்டுவந்தது. மறு ஆண்டிலேயே, 1932-இல், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கார்ல் ஆண்டர்சன் என்பவர் விண்வெளிக் கதிர்களைப் படம்பிடித்து ஆராய்ந்தபோது அந்தத் துகளின் தடத்தைக் கண்டார். அதற்குப் பாசிட்ரான் என்று பெயர் வந்தது. பாசிட்ரானின் வாழ்வு மிகக் குறுகியது. உடலின் திசுவுக்குள் பிறந்தால், பெரும்பாலும் ஓரிரு மில்லிமீட்டர் செல்வதற்குள் ஓர் எலெக்ட்ரானைச் சந்தித்து, இரண்டும் ஒருங்கே மறைகின்றன. அவை மறைந்த இடத்திலிருந்து இரண்டு காமாக் கதிர்கள், ஏறத்தாழ நேர் எதிரான திசைகளில், ஒளியின் வேகத்தில் புறப்படுகின்றன.

இந்த இரட்டைக் கதிர்களை நோயறியப் பயன்படுத்தலாம் என்னும் எண்ணம் 1951-இல் செயலாயிற்று. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், வில்லியம் ஸ்வீட் என்னும் மூளை அறுவை மருத்துவரும் கார்டன் பிரவ்னெல் என்னும் பௌதிக அறிஞரும் பாசிட்ரானை வெளியிடும் பொருளை நோயாளியின் உடலில் செலுத்தி, தலையின் இருபுறமும் கதிர் உணரும் கருவிகளை வைத்து, மூளைக் கட்டி இருக்கும் இடத்தைத் தேடினர். 1970-களின் நடுவில் செயின்ட் லூயிஸ் நகரில் மைக்கேல் டெர்-பொகோசியன், மைக்கேல் ஃபெல்ப்ஸ், எட்வர்ட் ஹாஃப்மன் ஆகியோர் உணர்கருவிகளை உடலைச் சுற்றிலும் அமைத்து, கணிப்பொறியின் துணையால் உடலின் குறுக்குவெட்டுப் படத்தை உருவாக்கினர். 1976-இல், கதிரியக்க ஃபுளோரின் சேர்த்த சர்க்கரைப் பொருள் ஒன்று பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தப்பட்டது. புற்றுநோய்க் கட்டிகளில் பல சர்க்கரையை மிகுதியாக உட்கொள்பவை. ஆதலால் சர்க்கரை சென்று சேரும் இடத்தைக் காட்டும் கருவி, கட்டி இருக்கும் இடத்தையும் காட்டிற்று.

இந்தக் கருவி எவ்வாறு இடத்தைக் கண்டுபிடிக்கிறது? நேரான ஒரு தெருவை எண்ணிக்கொள்ளுங்கள். அதன் இரு கோடிகளிலும் இரண்டு காவலர்கள் நிற்கின்றனர். தெருவில் ஏதோ ஒரு வீட்டிலிருந்து இருவர் ஒரே சமயத்தில் புறப்பட்டு, ஒரே வேகத்தில், எதிர்த்திசைகளில் ஓடுகின்றனர். இரண்டு காவலர்களிடமும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஆள் வந்து சேர்ந்தால், இருவரும் இந்தத் தெருவிலிருந்துதான் புறப்பட்டனர் என்று அறியலாம். இவ்வாறு இரண்டு நிகழ்ச்சிகள் ஒரே சமயத்தில் நிகழ்ந்தனவா என்று சோதிக்கும் முறைக்கு உடனிகழ்ச்சி முறை என்று பெயர். இதை வளர்த்த ஜெர்மானிய அறிஞர் வால்தர் போதே 1954-இல் நோபல் பரிசு பெற்றார். 1930-இல் புரூனோ ரோசி என்னும் இத்தாலிய இளைஞர் இதனை வெற்றிடக் குழாய்களைக் கொண்ட மின்சுற்றாக அமைத்துக் காட்டினார். இன்றைய பெட் ஸ்கேன் கருவிக்கு உயிர்நாடி இந்த உடனிகழ்ச்சி முறையே.

ஆனால், தெரு தெரிந்ததே தவிர, எந்த வீடு என்று தெரியவில்லை அல்லவா? பழைய கருவிகளின் குறை இதுதான். அவை ஒவ்வொரு நிகழ்ச்சியையும் தெரு முழுவதற்கும் சமமாகப் பங்கிட்டுவிட்டு, லட்சக்கணக்கான தெருக்கள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களைக் கொண்டு படத்தை அமைத்தன. படம் கிடைத்தது, அதனுடன் புள்ளியும் கறையுமாக ஒரு மங்கலும் சேர்ந்து வந்தது. உடல் பருத்தவர்களின் படங்களில் இம்மங்கல் இன்னும் மிகுதி. ஏனெனில், தெரு நீளமானால் ஐயமும் நீளும். உடலின் உள்ளேயே சிதறி வழிதவறும் கதிர்களும் பெருகும். சிறிய கட்டி ஒன்று அந்த மங்கலுக்குள் மறைந்துபோனால், அதன் விளைவை அனுபவிப்பவர் நோயாளி அல்லரோ?

இதற்கு மாற்று என்ன? இரண்டு காவலர்களும் ஆள் வந்த நேரத்தை நுட்பமாகக் குறித்துக்கொண்டால் போதும். ஒருவரிடம் முன்னதாக ஆள் வந்தால், வீடு அவருக்கு அருகில் இருக்கிறது. இந்த யோசனை 1960-களிலேயே எழுந்துவிட்டது. இதன் கணக்கும் எளியது. புறப்பட்ட இடம் நடுவிலிருந்து 1 சென்டிமீட்டர் விலகினால், ஒரு கதிருக்கு வழி 1 சென்டிமீட்டர் குறைகிறது. மற்றதற்கு 1 சென்டிமீட்டர் கூடுகிறது. ஆகவே வேறுபாடு 2 சென்டிமீட்டர். இதன்படி, நேர வேறுபாட்டை ஒரு நானோ விநாடி நுட்பத்துடன் அளந்தால் இடம் 15 சென்டிமீட்டருக்குள் தெரியும். அரை நானோ விநாடி நுட்பம் இருந்தால் ஏழரை சென்டிமீட்டருக்குள் தெரியும். நானோ விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பிக்கோ விநாடி என்பர். அரை நானோ விநாடியை 500 பிக்கோ விநாடி என்று சொல்வது இத்துறையின் வழக்கம்.

யோசனை எளிது, அதை நிறைவேற்றும் பொருள் எங்கே? காமாக் கதிர் கண்ணுக்குத் தெரியாதது. அதனை ஒரு படிகத்தில் மோதச் செய்தால் படிகம் ஒரு கணம் ஒளிர்கிறது. அந்த ஒளியை மின்துடிப்பாக மாற்றி அளக்கிறோம். ஆகவே எல்லாம் படிகத்தின் குணத்தைப் பொறுத்தது. 1980-களின் தொடக்கத்தில் செயின்ட் லூயிஸிலும், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலும், பிரான்சின் கிரனோபிள் நகரிலும் நேர அளவைக் கருவிகளை அமைத்தனர். சீசியம் ஃபுளோரைடு, பேரியம் ஃபுளோரைடு என்னும் படிகங்கள் மின்னல் போல ஒளிர்ந்து அணைபவை. அவற்றைக் கொண்டு 500 பிக்கோ விநாடி அளவு நுட்பத்தை எட்டினர்.

வெற்றி போலத் தோன்றிய அந்த முயற்சி பத்தாண்டுக்குள் ஓய்ந்துவிட்டது. காரணம், அந்தப் படிகங்கள் விரைவானவை; ஆனால் அடர்த்தி குறைந்தவை. பல கதிர்கள் அவற்றில் மோதாமலே ஊடுருவிச் சென்றுவிட்டன. சீசியம் ஃபுளோரைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கெட்டுப்போகும் தொல்லை வேறு. அக்காலத்தில் பிஸ்மத் ஜெர்மனேட் என்னும் மற்றொரு படிகம் இருந்தது. அது மந்தமானது, ஆனால் கனமானது. கதிர்களைத் தப்பவிடாமல் நிறுத்தும். இரண்டு கதிர்களும் பிடிபட்டால்தான் ஒரு நிகழ்ச்சி கணக்கில் சேரும் என்பதை மறந்துவிடாதீர்கள். பத்துக் கதிருக்கு ஒன்பதைப் பிடிக்கும் படிகம் நூறு இணைகளில் 81-ஐப் பிடிக்கும். பத்துக்கு ஐந்தைப் பிடிப்பதோ நூற்றில் 25-ஐத்தான் பிடிக்கும். நேரத்தால் பெற்ற லாபத்தை எண்ணிக்கையில் இழந்தனர். மருத்துவ உலகம் மந்தமான படிகத்தையே தேர்ந்தெடுத்தது. அன்றைய நிலையில் அது நியாயமான முடிவே. யோசனை தவறன்று, அதற்குரிய காலம் வரவில்லை.

அதற்குரிய பொருள் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பூமிக்கடியில் எண்ணெய் இருக்கும் பாறைகளை ஆராய்வதற்குக் கிணற்றுக்குள் கதிர் உணரும் கருவிகளை இறக்குவது வழக்கம். அத்தொழிலில் ஈடுபட்ட ஷ்லம்பர்ஜர் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் சார்லஸ் மெல்ச்சர் என்பவர் லுடீசியம் ஆர்த்தோசிலிகேட் என்னும் படிகத்தை உருவாக்கினார். அதன் விவரங்கள் 1992-இல் வெளிவந்தன. அது கனமானது, நிறைய ஒளிர்வது, 40 நானோ விநாடி அளவில் அணைவது. பிஸ்மத் படிகமோ அணைவதற்கு 300 நானோ விநாடி எடுத்துக்கொள்ளும். எண்ணெய்க் கிணற்றுக்காகப் பிறந்த படிகம் மருத்துவத்துக்குப் பெருந்துணையாயிற்று. அதன் இனத்தைச் சேர்ந்த படிகத்தைக் கொண்டு, பிலிப்ஸ் நிறுவனத்தின் நேர அளவைக் கருவி 2006-இல் மருத்துவமனைகளுக்கு வந்தது. அதன் நுட்பம் 600 பிக்கோ விநாடிக்குச் சற்றுக் குறைவு.

மாணவ நண்பர்களே, இங்கே ஓர் ஐயம் உங்களுக்கு எழவேண்டும். படிகம் அணைய 40 நானோ விநாடி ஆகிறதென்றால், அதனைக் கொண்டு அரை நானோ விநாடியை அளப்பது எப்படி? இந்தக் கேள்விக்கு விடை தேடிய முயற்சியே இவ்வரலாற்றின் சுவையான பகுதி.

ஆற்றில் வெள்ளம் வருகிறது. வெள்ளம் தொடங்கிய நேரத்தை அறிய, படித்துறையில் ஐந்தாம் படியைத் தண்ணீர் தொட்ட நேரத்தைக் குறித்துக்கொள்கிறோம் என்று வையுங்கள். பெருவெள்ளமானால் தண்ணீர் விரைந்து ஏறி ஐந்தாம் படியைச் சீக்கிரம் தொடும். சிறுவெள்ளமானால் தாமதமாகத் தொடும். இரண்டும் ஒரே நேரத்தில் தொடங்கியிருந்தாலும் நம் குறிப்பில் நேரம் வேறுபடும். மின்துடிப்பும் அத்தகையதே. குறிப்பிட்ட ஓர் உயரத்தை அது தாண்டிய கணத்தைத் தொடக்கமாகக் கொண்டால், பெரிய துடிப்பு முந்தியும் சிறிய துடிப்பு பிந்தியும் வந்ததாகத் தோன்றும். 1960-களில் அணுப் பௌதிக அறிஞர்கள் இதற்கு ஒரு வழி கண்டனர். ஒவ்வொரு துடிப்பும் தன் உச்ச உயரத்தில் குறிப்பிட்ட ஒரு பங்கை எட்டும் கணத்தைக் குறிக்குமாறு மின்சுற்றை அமைத்தனர். வெள்ளம் பெரிதாயினும் சிறிதாயினும் தன் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கை எட்டும் நேரம் ஏறத்தாழ மாறாது. இது மிக நல்ல முறை. ஆயினும் ஒவ்வோர் உணர்கருவிக்கும் தனித்தனி மின்சுற்று வேண்டும். கருவியிலோ ஆயிரக்கணக்கான படிகங்கள் இருந்தன. மேலும், அந்தச் சுற்று ஒரு கணத்தை மட்டும் சொல்லிவிட்டுத் துடிப்பின் மற்ற வரலாற்றையெல்லாம் மறந்துவிடும்.

எண்முறை, அதாவது டிஜிட்டல் முறை, உதவிக்கு வந்தது இங்கேதான். துடிப்பின் உயரத்தைக் குறித்த இடைவெளிகளில் அளந்து எண்களாக எழுதிக்கொண்டால், பிறகு அந்த எண்களை எப்படி வேண்டுமானாலும் ஆராயலாம். எத்தனை நெருக்கமாக அளக்க வேண்டும் என்பதற்கு ஹாரி நைக்விஸ்ட் 1928-இலும் கிளாட் ஷானன் 1949-இலும் எழுதிய ஆய்வுகள் அடிப்படையாயின. ஒரு குறிகையில் உள்ள மிக விரைவான அதிர்வைப்போல் இருமடங்குக்கும் மேலான வேகத்தில் மாதிரி எடுத்தால், இடையில் விடுபட்டவற்றையும் கணக்கினால் மீட்டுவிடலாம் என்பது அவற்றின் சாரம்.

2000-த்தை அடுத்த ஆண்டுகளில் கனடாவின் ஷெர்புரூக் பல்கலைக்கழகத்தில் சிறு விலங்குகளை ஆராய்வதற்கான முழு எண்முறைக் கருவி உருவாயிற்று. அதே காலத்தில் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்து அறிஞர்கள் ஓர் அழகிய வழியைக் கையாண்டனர். அவர்களிடம் இருந்த அளவைச் சில்லு விநாடிக்கு 7 கோடி முறை மாதிரி எடுப்பது. அப்படியானால் இரண்டு மாதிரிகளுக்கு இடையே ஏறத்தாழ 14 நானோ விநாடி கழிந்துவிடுகிறது. துடிப்பின் ஏறுமுகமோ அந்த இடைவெளிக்குள் மறைந்துபோகக்கூடியது. அவர்கள் என்ன செய்தனர்? விரைவான துடிப்பை வேண்டுமென்றே ஒரு வடிகட்டியின் வழியே செலுத்தி, அதன் ஏற்றத்தை மெதுவாக்கினர். அவசரத்தில் ஓடுபவனை அடையாளம் காண இயலாதபோது, அவனைச் சற்று மெல்ல நடக்கச் செய்வது போன்றது இது. பிறகு, அந்தப் படிகத்திலிருந்து வரும் துடிப்புகள் எல்லாம் ஒரே சாயல் கொண்டவை என்னும் உண்மையைப் பயன்படுத்தினர். சாயல் முன்கூட்டியே தெரிந்திருந்தால், ஏற்றத்தில் ஓரிரு புள்ளிகளைக் கொண்டே தொடக்கத்தைக் கணக்கிடலாம். இந்த ஆறு எப்போதும் இப்படித்தான் பெருகும் என்று பல்லாண்டு பார்த்தறிந்த படகோட்டி, இரண்டு படிகளில் தண்ணீர் ஏறிய நேரத்தைக் கேட்டே வெள்ளம் எப்போது தொடங்கிற்று என்று சொல்வதில்லையா? இவ்வாறு, மாதிரிகளின் இடைவெளியைக் காட்டிலும் பல மடங்கு நுட்பமாக நேரம் கிடைத்தது. இந்தக் கணக்கு முழுவதையும், உள்ளமைப்பை விரும்பியவாறு மாற்றிக்கொள்ளத்தக்க ஒரு சில்லே செய்தது. புதிய வழி ஒன்று தோன்றினால் கருவியைப் பிரிக்க வேண்டியதில்லை. கணக்கை மாற்றினால் போதும்.

அதன்பின் முன்னேற்றம் விரைந்தது. ஒளியை உணரும் கண்ணாடிக் குழாய்களின் இடத்தைச் சிலிக்கான் சில்லுகள் பிடித்தன. 2018-இல் வந்த சீமென்ஸ் நிறுவனத்தின் கருவி 214 பிக்கோ விநாடி நுட்பத்தை எட்டியது. இடக்கணக்கில் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். அதே 2018-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் எரிக் பெர்க், சைமன் செர்ரி என்னும் இருவர் துடிப்பின் முழு வடிவத்தையும் எண்களாக்கி, தானே கற்றுக்கொள்ளும் கணிப்பொறி முறையிடம் ஒப்படைத்தனர். கதிர்வீச்சுப் பொருளைத் தெரிந்த இடங்களில் வைத்து ஆயிரக்கணக்கான துடிப்புகளைக் காட்டிக் கணிப்பொறிக்குப் பாடம் புகட்டினர். பழைய முறையில் 231 பிக்கோ விநாடியாக இருந்த நுட்பம் அதே உணர்கருவிகளில் 185 ஆயிற்று. படிகம் மாறவில்லை, உணர்கருவி மாறவில்லை, படிக்கும் முறை மட்டுமே மாறியது. 2021-இல் அமெரிக்க, ஜப்பானிய அறிஞர்கள் கூடி, ஆய்வுக்கூடத்தில் இரண்டே உணர்கருவிகளைக் கொண்டு 32 பிக்கோ விநாடியை எட்டினர். இடம் 4.8 மில்லிமீட்டருக்குள் தெரிந்தது. குறுக்குவெட்டுக் கணக்கு எதுவுமின்றியே சோதனைப் பொருள்களின் படம் நேரடியாகக் கிடைத்தது.

இனிக் கணக்கே எல்லாம் செய்யும் என்று நினைத்துவிடலாமா? அது பிழை. கோயிற்கதவு திறந்ததும் முதலில் ஒருவர் இருவர் வெளியே வருகின்றனர். பிறகே கூட்டம் வருகிறது. கதவு திறந்த கணத்தைச் சொல்லக்கூடியவர்கள் அந்த முதற்சிலரே. படிகத்திலும் அப்படித்தான். ஆயிரக்கணக்கான ஒளித்துகள்கள் வெளிவந்தாலும் தொடக்க நேரத்தின் செய்தியைச் சுமந்து வருபவை முதலில் வரும் சிலவே. அவை உணர்கருவியை அடையாமல் படிகத்துக்குள்ளேயே தொலைந்துபோனால், உலகிலுள்ள எந்தக் கணக்கும் அவற்றைத் திரும்பக் கொணராது. எண்முறைக் கணக்கு புதிய செய்தியைப் படைப்பதில்லை. வந்த செய்தி வீணாகாமல் காக்கிறது. ஆதலால்தான் படிகமும் சில்லும் கணக்கும் ஒன்றையொன்று எதிர்பார்த்தே வளர்ந்தன. 10 பிக்கோ விநாடியை, அதாவது ஒன்றரை மில்லிமீட்டரை, இலக்காக வைத்து உலகெங்கும் ஆராய்ச்சியாளர்களை அழைக்கும் ஓர் அறைகூவலும் 2019-இல் எழுந்துள்ளது.

இத்தனை உழைப்பும் எதற்காக? நோயாளிக்குச் செலுத்தப்படும் கதிரியக்கப் பொருள் சும்மா கிடைப்பதன்று. ஃபுளோரின் இரண்டு மணிக்கும் குறைந்த நேரத்தில் பாதியாகத் தேய்ந்துவிடும். அதனால் பெறும் ஒவ்வொரு செய்திக்கும் நோயாளி தம் உடலில் ஏற்கும் கதிர்வீச்சாலும், அசையாமல் படுத்திருக்கும் நிமிடங்களாலும் விலை கொடுக்கிறார். 40 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஓர் உடலில், 500 பிக்கோ விநாடி நுட்பம் கிடைத்தால், ஒவ்வொரு நிகழ்ச்சியும் ஏறத்தாழ ஐந்து நிகழ்ச்சிகளின் பயனைத் தருகிறது என்பது கணக்கு. நுட்பம் இன்னும் கூடினால் பயனும் கூடும். அந்த லாபத்தைத் தெளிவான படமாகவும் பெறலாம். குறைந்த மருந்தாகவும் பெறலாம். குறுகிய நேரமாகவும் பெறலாம். முன்னர் மங்கலான படத்தோடு திருப்பி அனுப்பப்பட்ட பருத்த உடலினருக்கே இந்த நன்மை மிகுதியாகக் கிடைக்கிறது.

1980-களில் கைவிடப்பட்ட ஒரு யோசனை 2006-இல் மருத்துவமனைக்குள் நுழைந்தது. இடையில் அதைக் காத்தவர்கள் பலர். அவர்களுள் எண்ணெய்க் கிணற்றை ஆராய்ந்தவரும் உண்டு; தொலைபேசிக் கம்பிகளின் கணக்கை வகுத்தவர்களும் உண்டு. தாம் செய்யும் வேலை ஒருநாள் ஒரு நோயாளியின் கட்டியைக் காட்டும் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கமாட்டார்கள். இளைஞர்களே, நீங்கள் இன்று வகுப்பில் கற்கும் சமன்பாடு எதற்குப் பயன்படும் என்று சலித்துக்கொள்ளும்போது, அக்கரையில் துணி அடிபடும் ஓசையை ஒருகணம் நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கும் காதுக்கும் இடையே தோன்றும் அந்தச் சிறு தாமதத்தைப் பொருட்படுத்தியவர்களே இந்தக் கருவியைத் தந்தார்கள்.